புரொட்டஸ்தாந்தம் என்னும் ஒற்றைச் சொல்: லூதரன் மரபும் தமிழ்க் கிறிஸ்தவ இலக்கிய வரலாறும்

தமிழ் இலக்கிய வரலாற்று நூல்களிலே 'கிறிஸ்தவர் தமிழ்ப்பணி' என்றோர் இயல் இடம்பெறுதல் வழக்கமாகிவிட்டது. அவ்வியலை எழுதுவோர் பெரும்பாலும் கத்தோலிக்கர், புரொட்டஸ்தாந்தர் என இரு பிரிவுகளை முதலில் வகுத்துக்கொண்டு, பின்னர் ஒவ்வொரு பெயரையும் அவற்றுள் ஒன்றிற் சேர்த்துவிடுவர். முதற் பிரிவிற் சேர்வன காவியம், உருவ வழிபாடு, பவனி, சாதியோடு சமரசம். இரண்டாவதிற் சேர்வன வசனநடை, அச்சு, பாடசாலை, சாதியெதிர்ப்பு, தனிமனிதவாதம். முற்போக்கு நோக்குடைய ஆய்வாளரும் இப்பாகுபாட்டிலிருந்து விடுபட்டாரல்லர். நாமே அதனை வலுப்படுத்தியுமுள்ளோம். புரொட்டஸ்தாந்தம் முதலாளித்துவ எழுச்சியின் சமய வடிவம் என்ற பொதுக் கூற்றை எடுத்துக்கொண்டு, தரங்கம்பாடியில் வந்திறங்கியவர்களையும் வட்டுக்கோட்டையில் வந்திறங்கியவர்களையும் ஒரே வரலாற்றுச் சக்தியின் முகவர்களாகக் கண்டோம். தரங்கம்பாடியினர் லூதரன் மரபினர் என்பது எமக்கு வெறும் பெயர்க் குறிப்பாகவே பட்டது.

இத்தப்பெண்ணத்துக்கு ஈழத்திலே, குறிப்பாக வன்னிப் பெருநிலப்பரப்பிலே, தனியானதொரு காரணமுண்டு. இங்குக் கிறிஸ்தவம் இரு துருவங்களாகவே மக்களனுபவத்திற் பதிந்துள்ளது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கல்வினின் சீர்திருத்த மரபைச் சார்ந்தவர்கள்; சுரூபமும் பீட அலங்காரமுமற்ற வெண்சுவர்க் கோயிலே அவர்தம் கோயில். அவர்களது தடைக்குத் தப்பி மாந்தையிலிருந்து காட்டினூடாக எடுத்துச் செல்லப்பட்டதாகக் கூறப்படும் சுரூபமே மடுமாதாவினது. ஒல்லாந்தருக்குப் பின் வந்த வெஸ்லியன் மிஷன் (1814), அமெரிக்க மிஷன் (1816), திருச்சபை மிஷன் (1818) ஆகியனவும் சுரூபத்தையும் சடங்கையும் ஐயத்துடனேயே நோக்கின. ஆகவே முல்லைத்தீவுக் கரையிலோ வவுனியாவிலோ வளரும் மாணவன் ஒருவனுக்குச் 'சுரூபம் உள்ள கோயில்', 'சுரூபம் இல்லாத கோயில்' என்ற இரண்டே கோயில்கள் தெரியும். வடபுலத்திலே லூதரன் சபை தனியானதொரு சமூகச் சக்தியாக என்றும் நிலைகொண்டதில்லை. 1920களிலே மலையகத் தோட்டத் தொழிலாளரிடையே லூதரன் மிஷன் பணியொன்று தொடங்கியபோதிலும் அது எமது இலக்கிய விவாதங்களை எட்டவில்லை. எனவே சீகன்பால்குவையும் பப்ரிசியுசையும் வேதநாயக சாஸ்திரியாரையும் பற்றி எழுதும்போது, நாம் கண்ட மெதடிஸ்தரையும் அமெரிக்க மிஷனாரையும் மனத்திருத்தியே எழுதுகிறோம்.

உண்மை நிலை வேறு. 1529இல் மார்பூர்க்கில் லூதரும் சுவிங்கிலியும் சந்தித்தபோது, திருவிருந்திலே கிறிஸ்துவின் உடல் மெய்யாகவே உள்ளதா, அன்றி அப்பமும் இரசமும் நினைவுக் குறிகள் மட்டுமா என்ற வினாவிலேயே அவர்கள் பிரிந்தனர். மெய்யாகவே உள்ளது என்பதில் லூதர் இறுதிவரை இணங்கிப் போகவில்லை. அப்பம் தன் இயல்பு மாறி உடலாகிறது என்ற கத்தோலிக்க விளக்கத்தை அவர் ஏற்காவிட்டாலும், நினைவுக்குறி என்ற விளக்கத்தை அதனினும் கடுமையாக வெறுத்தார். 1522இல் விற்றன்பேர்க்கிலே கார்ல்ஸ்ற்றாற் தலைமையிற் சுரூபங்களை உடைக்க முற்பட்டோரைத் தடுத்து நிறுத்தியவரும் அவரே. சிலுவையிலறையுண்ட உருவம், பீடத்து மெழுகுதிரி, குருவின் அங்கி, குழந்தை ஞானஸ்நானம், குருவினிடத்துப் பாவ அறிக்கை ஆகிய யாவும் லூதரன் சபைகளிலே தொடர்ந்தன. இசையும் அவ்வாறே. சுவிங்கிலி வழிபாட்டிலிருந்து இசையை விலக்கினார். கல்வின் பெரும்பாலும் சங்கீதங்களை மட்டுமே, அதுவும் ஒற்றைக் குரலோட்டத்திற் பாட இடமளித்தார். லூதரோ தாமே பாட்டெழுதி மெட்டமைத்தார்.

சிறியதாயினும் ஒரு சான்று இலக்கிய மாணவருக்குப் பெரிதும் பயன்படும். பத்துக் கட்டளைகளை எண்ணும் முறை எல்லாச் சபைகளுக்கும் ஒன்றன்று. சீர்திருத்த மரபினரும் அங்கிலிக்கரும் விக்கிரகத் தடையைத் தனியே இரண்டாங் கட்டளையாக எண்ணுவர். கத்தோலிக்கரும் லூதரன் மரபினரும் அதனை முதற் கட்டளையின் பகுதியாகவே கொண்டு, இறுதிக் கட்டளையை இரண்டாகப் பிரித்துப் பத்தை நிரப்புவர். எனவே பழைய தமிழ் ஞானோபதேசச் சுவடியொன்றிலே 'நாலாங் கற்பனை' பெற்றோரைக் கனம்பண்ணுதலைக் குறித்தால், அது கத்தோலிக்கருடையதாகவோ லூதரன் மரபினருடையதாகவோதான் இருத்தல் வேண்டும். சுவடியின் சபைச் சார்பை ஆராய இத்தகைய அகச்சான்றுகள் கிடைப்பவும், நாம் இன்னும் அட்டையிலுள்ள பெயரை நம்பியே வகைப்படுத்தி வருகிறோம்!

லூதரன் கொள்கை பற்றிய தப்பெண்ணங்களை முதலில் தமிழிலே பரப்பியது பொதுமக்களன்று. சமயவாத இலக்கியமே அவற்றைப் பரப்பியது. வீரமாமுனிவரின் வேதவிளக்கம், பேதகமறுத்தல், லுத்தேரினத்தியல்பு ஆகியன தரங்கம்பாடியாரை எதிர்த்து எழுந்தவை. கண்டன உரைநடை என்ற வகையில் அவை தேம்பாவணியினும் குறைவாகவே கற்கப்படுவது வியப்புக்குரியது. அந்நடையின் மிடுக்கு வேறு. அதன் பொருள் நேர்மை வேறு. விசுவாசம் ஒன்றினாலேயே மனிதன் நீதிமானாக்கப்படுகிறான் என்ற லூதரின் கோட்பாட்டை, நற்செயல் வேண்டுவதில்லை என்ற போதனையாகக் காட்டுவது கத்தோலிக்கக் கண்டனங்களின் பொது உத்தியாகும். 1530ஆம் ஆண்டின் அவுக்ஸ்புர்க் விசுவாச அறிக்கை தன் இருபதாவது பிரிவிலே இக்குற்றச்சாட்டை நேராக மறுத்து, நற்செயல் விசுவாசத்தின் விளைவாக அவசியம் தோன்றும் என்றும், அது மீட்பின் விலையன்று என்றும் விளக்குகிறது. இதே அவுக்ஸ்புர்க் நகரில் 1999ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆந் திகதி கத்தோலிக்கத் திருச்சபையும் லூதரன் உலக சம்மேளனமும் நீதிமானாக்கப்படுதல் குறித்துக் கூட்டுப் பிரகடனமொன்றிற் கையொப்பமிட்டன. சபைகளே தமக்குள் தீர்த்துக்கொள்ள முயன்ற வழக்கின் பழைய வாதி தரப்பு மனுவை எமது இலக்கிய வரலாறுகள் இன்னும் தீர்ப்பெனப் படித்து வருகின்றன.

மறுபுறத்திலே நாவலரை நோக்குவோம். 1854இல் வெளிவந்த சைவதூஷண பரிகாரம், சைவக் கிரியைகளை இகழ்ந்தோரை அவர்தம் விவிலியத்தைக் கொண்டே மறுத்தது. எருசலேம் தேவாலயத்திற் பலியும் தூபமும் தீபமும் இருந்தனவெனில், சைவாலயத்தில் அவை இருத்தலை இகழ்வதெங்ஙனம் என்பதே அதன் வாதப் போக்கு. இவ்வாதத்தின் கூர்மை எவர்மீது பாய்கிறதென்பதைக் கவனித்தல் வேண்டும். சடங்கையே பொய்ச்சமயத்தின் அடையாளமாகக் கண்ட வெஸ்லியன், அமெரிக்க மிஷனார்மீதே அது பாய்கிறது. பீடமும் அங்கியும் தீபமும் வைத்துக்கொண்ட லூதரன் மரபினரை அது இத்துணைக் கூர்மையாகத் தைக்காது. நாவலர் எதிர்கொண்டது யாழ்ப்பாணத்து மிஷனாரை. அவரது எதிர்வினையைத் 'தமிழ்ச் சைவம் புரொட்டஸ்தாந்தத்தை எதிர்கொண்ட வரலாறு' எனப் பொதுமைப்படுத்துவோர், ஒரு பிரதேசத்தின் அனுபவத்தை முழுத்தமிழ் அனுபவமாக்கிவிடுகின்றனர்.

இனி இக்கட்டுரையின் மையப் பொருளுக்கு வருவோம். சீர்திருத்த மரபின் கடும்பிரிவினர் வேதம் விதியாதது விலக்கு எனக் கொண்டனர். லூதரன் மரபினர் வேதம் விலக்காதது ஆகும் எனக் கொண்டனர். விதிக்கப்படாததும் விலக்கப்படாததுமாகிய இடைநிலைக் காரியங்களை மனிதர் தம் காலதேச வழமைக்கேற்ப ஒழுங்குசெய்யலாமென்பது 1577ஆம் ஆண்டின் இணக்கச் சூத்திரத்திற் பத்தாவது பிரிவிலே கோட்பாடாக வரையறுக்கப்பட்டது. காவிரிக்கரையிலே இக்கோட்பாடு இரு பெரும் வினாக்களைச் சந்தித்தது. ஒன்று பாட்டு, மற்றையது சாதி.

வேதநாயக சாஸ்திரியார் 1774இற் பிறந்து, ஜேர்மன் மிஷனரியான சுவார்ட்சினால் வளர்க்கப்பட்டு, தரங்கம்பாடியிலும் பயின்று, தஞ்சையிற் சரபோசி மன்னனின் ஆதரவையும் பெற்றவர். பெத்லகேம் குறவஞ்சி போன்ற படைப்பு எத்தகைய சமயச் சூழலிலே சாத்தியமாயிற்று என்ற வினாவை எமது விமர்சகர் கேட்டதேயில்லை. குறவஞ்சி அரண்மனைக்கும் கோயிலுக்கும் உரிய சிற்றிலக்கியம், நடனத்தோடு பிணைந்தது. சைவ, வைணவச் சந்நிதிகளிற் பயின்ற வடிவமொன்றைக் கிறிஸ்துவுக்குரியதாக்குதல் பாவமாகாது என்ற துணிவு அவருக்கு எங்கிருந்து வந்தது? வடிவம் இடைநிலைக் காரியம், பொருளே வேதம் என்ற லூதரன் மனப்பாங்கு அத்துணிவுக்கு இடமளித்தது எனல் தவறாகாது. இடமளித்தது என்றே கூறுகிறோம். படைத்தது என்று கூறவில்லை. ஜேர்மன் குருமார் வழிபாட்டிற் பாடுவித்தது பெரிதும் தம்மூர் மெட்டிலமைந்த ஞானப்பாட்டுகளையே. கீர்த்தனைகள் வீடுகளிலும் கூடுகைகளிலும் வளர்ந்தன.

1820களிலே தஞ்சைச் சபை ஆங்கிலச் சங்கமொன்றின் பொறுப்புக்குச் சென்றதும் நிலை மாறிற்று. 1829ஐ ஒட்டிச் சாஸ்திரியாரும் அவரைச் சார்ந்த சபையாரும் எழுதிய எதிர்ப்புரைகளிலே நான்கு கொடுமைகள் எடுத்துரைக்கப்படுகின்றன: பழைய விவிலிய மொழிபெயர்ப்பை மாற்றுதல், சாதிகளை வலிந்து ஒன்றாக்குதல், மங்கல, அமங்கல நிகழ்ச்சிகளிற் பூக்களை விலக்குதல், தமிழ்ப் பாட்டையும் இசையையும் தடுத்தல். இந்நான்கினையும் இன்றைய வாசகன் ஒருங்கே படிக்குங்கால் இடர்ப்படுகிறான். முதலாவதிலும் மூன்றாவதிலும் நான்காவதிலும் சாஸ்திரியார் பண்பாட்டு ஏகாதிபத்தியத்தை எதிர்க்கும் எமது தோழர். இரண்டாவதிலோ அவர் வேளாள மேலாண்மையின் வழக்கறிஞர். எனவே நமது விமர்சகர் முன்னவற்றை மட்டும் எடுத்துப் போற்றுவர். அல்லது பின்னதை மட்டும் எடுத்துத் தூற்றுவர். சாஸ்திரியாருக்கு இந்நான்கும் ஒரே வழக்காகவே இருந்தன. வேதம் விலக்காதவற்றை விலக்கும் அதிகாரம் உமக்கில்லை என்பதே அவரது வாதத்தின் அடிநாதம். கீர்த்தனைக்கு நிழல் தந்த கோட்பாடே தனித்தனி இருக்கைக்கும் நிழல் தந்தது.

1833இல் அங்கிலிக்க அத்தியட்சர் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனடியாகவும் முற்றாகவும் ஒழிக்கப்படல் வேண்டுமெனச் சுற்றுநிருபம் விடுத்தார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் உயர்சாதிக் கிறிஸ்தவர் பலர் சபையை விட்டு நீங்கினர். அவர்களுட் பலருக்குப் புகலிடமாக அமைந்தது, 1840இன் பின்னர் தரங்கம்பாடிக்கு வந்த லைப்சிக் லூதரன் மிஷனே. அதன் நெறியாளரான கார்ல் கிரவுல் 1849 முதல் 1853 வரை இந்தியப் பயணத்திற் கழித்தவர். திருக்குறளை ஜேர்மன் மொழியிற் பெயர்த்தவர். தமிழ் நூற்றொகுதி வெளியிட்டவர். தமிழியல் வரலாறுகள் அவரை இக்காரணங்களுக்காக வாழ்த்தும். அவரே சாதியைப் பெரிதும் குடியியல் ஒழுங்கெனக் கொண்டு, சட்டத்தினாலன்றி நற்செய்தியின் உள்வளர்ச்சியினால் அது காலப்போக்கில் தளரட்டும் என வாதிட்டவர் என்பதை அவ்வரலாறுகள் அடிக்குறிப்பிலும் இடுவதில்லை. தமிழ்ப் பண்பாட்டை மதித்தல் என்ற ஒரே மனப்பாங்கின் இரு வெளிப்பாடுகளே இவை. அவர் மதித்த பண்பாடு யாருடைய பண்பாடு என்பதுதான் கேள்வி.

மார்க்சிய மூலவர் இவ்விடத்து எமக்கு வழிகாட்டியே வைத்துள்ளனர். நாம்தான் பார்க்கத் தவறினோம். ஏங்கெல்ஸ் 1850இல் எழுதிய ஜேர்மனியில் விவசாயிகள் போர் என்ற நூலிலே லூதரையும் முன்சரையும் எதிரெதிரே நிறுத்துகிறார். 1892இல் எழுதிய முன்னுரையொன்றில், லூதரின் சீர்திருத்தம் வரம்பிலா முடியாட்சிக்கு உகந்ததாய் முடிந்ததென்றும், கல்வினின் கோட்பாடே அக்காலத்துத் துணிவுமிக்க பூர்ஷ்வாக்களுக்கு ஏற்றதாயிற்றென்றும் தெளிவாகப் பிரித்துரைக்கிறார். வேபருங்கூடத் தமது புகழ்பெற்ற ஆய்விலே முதலாளித்துவ மனப்பாங்கின் ஊற்றைக் கல்வினிய மரபிலேயே தேடினார். லூதரின் 'அழைப்பு' என்ற கருத்து மரபுவழி நிலையைக் கடக்கவில்லை என்பதே அவர் முடிபு. ஆக, 'புரொட்டஸ்தாந்தம் முதலாளித்துவத்தின் சமயம்' என்று லூதரன் தஞ்சைக்கு வாய்பாடு ஒப்புவிப்போருக்கு ஏங்கெல்சும் துணையில்லை, வேபரும் துணையில்லை.

1525இலே சுவாபிய விவசாயிகள் தமது பன்னிரு கோரிக்கைகளுள் மூன்றாவதாக, கிறிஸ்து அனைவரையும் தம் இரத்தத்தால் மீட்டிருக்கத் தாம் பண்ணையடிமைகளாயிருத்தல் எங்ஙனம் தகும் என வினவினர். கிறிஸ்தவ சுயாதீனத்தை ஊனுடலுக்குரியதாக்குகிறீர்கள் என்பதே லூதரின் மறுமொழி. ஆன்மாவின் இராச்சியம் வேறு, வாளின் இராச்சியம் வேறு. முன்னதில் அனைவரும் சமம், பின்னதில் ஆண்டானும் அடிமையும் உண்டு. மூன்று நூற்றாண்டுகளின் பின் தஞ்சையில் ஒலித்த வாதமும் இதுவே. சாதி உலக வழமை, திருவிருந்து ஆன்மாவுக்குரியது, ஒன்றை மற்றொன்றோடு குழப்பலாகாது. தஞ்சை மருதநிலத்திலே மிராசுதாரனுக்கும் நிலத்தோடு பிணைக்கப்பட்ட பறையர், பள்ளர் பண்ணையாளுக்கும் இடையிலிருந்த உறவை எண்ணிப் பார்த்தால், இவ்வாதம் அங்கு வேரூன்றியமைக்கு விளக்கம் தேடி அதிக தூரம் செல்ல வேண்டியதில்லை. ஜேர்மன் நிலமானியத்தின் நெருக்கடியிலே உருவான இறையியல் மொழியொன்று, காவிரி வடிநிலத்து நிலமானியத்துக்குத் தயார்நிலைக் கருவியாக வாய்த்தது.

ஆயினும் கொள்கையே சமூகத்தை ஆக்கியது எனக் கூறின், தலைகீழாக நின்ற பழைய கருத்துமுதல்வாதத்துக்கே மீள்வோம். சான்றுகள் அத்துணை ஒழுங்காக அமையவுமில்லை. சாஸ்திரியார் வெறுத்த புதிய விவிலிய மொழிபெயர்ப்பின் ஆசிரியரும் சாதியின் கடும் எதிரியுமான ரேனியுஸ், பேர்லினில் லூதரன் முறைப்படி குருப்பட்டம் பெற்றவர். லைப்சிக் மிஷனுக்குள்ளேயே சாதிக்கு இடமளித்தலை எதிர்த்து வெளியேறிய ஓக்ஸ் என்பவர், 1860களிலே டேனிய மிஷனோடு இணைந்து தனியே பணியாற்றினார். அவரும் லூதரன் மரபினரே. சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைத் தொகுத்து 1853இற் பொது வழிபாட்டுக்கென அச்சிட்டவரோ, மதுரையிற் பணிபுரிந்த அமெரிக்க மிஷனரியான வெப். பாட்டைப் பொறுத்தவரை, கல்வினிய மரபின் வழித்தோன்றல்களே லூதரன் வளர்ப்புப் பிள்ளையின் கைப்பிடித்து ஆலயத்துக்குள் அழைத்து வந்தனர். எமது யாழ்ப்பாணத்திலோ, கொள்கையளவிற் சாதியை நிராகரித்த அமெரிக்க மிஷனின் கல்வியினால் முதன்மையாகப் பயனடைந்தோர் வேளாளரே. சாதிக்கு எதிரான பிரகடனமும் வேளாள எழுச்சியும் அங்கு ஒரே கூரையின் கீழ்க் குடியிருந்தன. கோட்பாடு கதவைத் திறக்கவோ சாத்தவோ செய்யும். எவர் நுழைகிறார் என்பதை நிலவுடைமையும் உத்தியோக வாய்ப்பும் தீர்மானித்தன. ஆயினும் கதவுகள் ஒரே மாதிரியானவையல்ல என்பதையாவது நாம் அறிந்திருத்தல் வேண்டாமா?

இதனை வன்னியிலிருந்து எழுதுவதற்கும் காரணமுண்டு. 1958, 1977, 1983ஆம் ஆண்டு வன்செயல்களின் பின்னர் மலையகத்திலிருந்து கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பகுதிகளுக்கு வந்து குடியேறியோருட் கிறிஸ்தவரும் இருந்தனர். காட்டை வெட்டி வயலாக்கியவர்கள் அவர்கள். உரிமைப் பத்திரம் பெற்ற அயலவரின் வயலிற் கூலிக்கிறங்கியவர்களும் அவர்களே. அவர்களைப் பற்றிப் பேச்செழும்போது 'அது சமூகப் பிரச்சினை, கோயிற் பிரச்சினையன்று' என்ற சொல் கத்தோலிக்க, மெதடிஸ்த, தென்னிந்திய திருச்சபை ஆகிய எவ்வளாகத்திலும் கேட்கக்கூடியதே. சைவ ஆலய பரிபாலன சபைகளிலும் அது நன்கு பழகிய சொல்தான். இரு இராச்சியக் கோட்பாடு லூதரின் பெயரில்லாமலே வாழவல்லது.

இறுதியாக, இலக்கிய வரலாற்றின் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒருவரைக் குறிப்பிடல் வேண்டும். 1733 டிசெம்பரிலே தமிழருள் முதலாவது லூதரன் குருவாகப் பட்டம் பெற்றவர் ஆரோன், வேளாளர். அடுத்து 1741இற் பட்டம் பெற்றவர் தியோகு. அக்காலத்திற் பட்டத்துக்கென ஆராயப்பட்டுக் கைவிடப்பட்ட மற்றொருவர் இராசநாயக்கன். தஞ்சை அரசின் படையிற் சேவித்தவர். கத்தோலிக்கராயிருந்து, அச்சிட்ட தமிழ்ச் சுவிசேஷத்தைப் படித்து லூதரன் சபைக்கு வந்தவர். தஞ்சைப் பகுதியில் அச்சபை பரவியதற்கு முதன்மையான காரணர்களுள் ஒருவர். அவர் பறையர். அவர் கையினின்றும் திருவிருந்தை மற்றையோர் ஏற்கமாட்டார், அவரைத் தம் வீட்டினுள் அனுமதியார் என்பதே மிஷனார் கண்ட தடை. அவரது தகுதியிலோ விசுவாசத்திலோ அவர்கள் குறை காணவில்லை. 1771இல் உபதேசியாராகவே அவர் இறந்தார். தமிழ் வசன அச்சுநூல் ஒன்று ஒரு வாசகனின் வாழ்வையே மாற்றியமைக்கு எமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் அவர் ஒருவர். எனினும் 'கிறிஸ்தவர் தமிழ்ப்பணி' என்ற இயலில் அவர் பெயரை நாம் எழுதியதில்லை.